பதில் தெரிந்தவர் அறையில் இருக்கக் கூடாது

நாய்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் தொழில் என்று சொன்னால் ஜனங்கள் முதலில் சிரிப்பார்கள். அப்புறம் தங்கள் வீட்டு நாயைப் பற்றிப் புகார் சொல்ல ஆரம்பிப்பார்கள். செருப்பைக் கடிக்குது, வீட்டுக்கு வர்றவங்க மேல தாவுது, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்காது. பன்னிரண்டு வருஷமாக இதே பாட்டு. எனக்குக் கொஞ்சம் வாய் நீளம். நாயை விட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வரட்டுமா என்று கேட்கிறவர்களிடம், நாய் வேண்டுமானால் போகட்டும், நீங்கள் இருங்கள், பாடம் உங்களுக்குத்தான் என்பேன். நாய் நம் தோளைப் பார்க்கிறது, மூச்சைப் பார்க்கிறது, கை எங்கே போகிறது என்று பார்க்கிறது. வாயால் நாம் கத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்தான் என்று முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். இதை இத்தனை பேருக்குச் சொன்னவள் நான். அதனால்தான் நடந்ததை நினைத்தால் என்னையே நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

என் அக்காவுக்கு ஒரே மகள், பதினோரு வயது. வீட்டில் எல்லோரும் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவோம். ஏழு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது. குழந்தைகளுக்கு வருகிற வகை, தினமும் நாலு ஊசி. ஊசி பழகிவிட்டது, அதில் பயமில்லை. சர்க்கரை திடீரென்று இறங்குவதுதான் பயம். மற்றவர்களுக்கு அந்த நேரத்தில் கை நடுங்கும், பசிக்கும், படபடக்கும். தாங்களாகவே ஜூஸ் எடுத்துக் குடித்துவிடுவார்கள். இவளுக்கு ஒன்றும் தெரியாது. நின்ற இடத்தில் அப்படியே சரிவாள். தோலில் ஒட்டிக்கொள்கிற கருவி ஒன்று இருக்கிறது, இறங்கினால் அதுவே சத்தம் போடும். அதை ஒட்டிய இடமெல்லாம் இவளுக்குப் புண்ணாகிப் போனது. டாக்டரே வேண்டாம் என்று எடுத்துவிட்டார்.

ஆக, கருவிக்குப் பதில் அக்கா. நாலு வருஷம் அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை. ஒரு மணிக்கு ஒரு தடவை, மூன்றரைக்கு ஒரு தடவை எழுந்து பிள்ளையின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பாள். கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவள் அவள். மூக்குக் கண்ணாடிக்கு அளவெடுத்து, வில்லையைத் தேய்த்து, சட்டத்தில் பொருத்திக் கொடுப்பாள். அந்த வேலை என்றால் அவளுக்கு உயிர். அதை விட்டாள். அத்தானுக்கு வேறு ஊரில் உத்தியோகம். மாதம் ஒரு தடவை வருவார், வந்ததும் தூங்குவார். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் கதை வேறு பக்கம் போய்விடும்.

சர்க்கரை இறங்கும்போது உடம்பின் வாசனை மாறும், நாய்களால் அதைப் பிடிக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அப்படிப் பழக்கிய நாய்களை நான் பார்த்திருக்கிறேன், பழக்கியதில்லை. ஊரான் வீட்டு நாயை எல்லாம் உட்கார வைத்தோமே, சொந்த அக்காவுக்கு ஒரு நாயைத் தயார் பண்ண முடியாதா என்று ரோஷம் வந்துவிட்டது. ஒன்றரை வயதுக் கறுப்புப் பெட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். எதைக் கண்டாலும் மூக்கை நுழைக்கும் என்பதால் மூக்கி என்று பெயர் வைத்தது வாயாடிதான். பிள்ளைக்குச் சர்க்கரை எழுபதுக்குக் கீழே போகும்போதெல்லாம் அக்கா அவள் பிடரியிலும் வாயிலும் பஞ்சால் துடைத்து, அதைச் சின்னக் குப்பியில் போட்டு ஃப்ரீசரில் வைப்பாள். நான் வந்து எடுத்துப் போவேன். என் கொட்டகையில் மூடியில் ஓட்டை போட்ட ஆறு டப்பாக்களை வரிசையாக வைத்து, ஒன்றில் மட்டும் அந்தப் பஞ்சைப் போடுவேன். மூக்கி ஒவ்வொன்றாக முகர்ந்து, சரியான டப்பா வந்ததும் முன்காலால் தட்ட வேண்டும். தட்டிய அதே நொடியில் 'சரி' என்று சொல்லி, இடுப்புப் பையிலிருந்து வேகவைத்த ஈரல் ஒரு துண்டு. ஒரு நொடி பிந்தினாலும் நாய் வேறு எதையோ கற்றுக்கொண்டுவிடும். இந்தத் தொழிலில் அதுதான் பாலபாடம்.

எட்டு மாதம் ஆனது. மூக்கி பிழையே பண்ணவில்லை. டப்பாக்களை எப்படி மாற்றி வைத்தாலும் நேரே போய்த் தட்டும். அப்புறம் அதை அக்கா வீட்டிலேயே விட்டேன். அங்கேயும் அப்படித்தான். பிள்ளை உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருப்பாள், மூக்கி எழுந்து வந்து அவள் முழங்காலைத் தட்டும், அக்கா ஓடிவந்து விரலில் குத்திப் பார்ப்பாள், அறுபத்திரண்டு, ஐம்பத்தெட்டு என்று வரும். அக்கா எனக்குப் போன் போட்டு அழுவாள். இரண்டு மாதம் இப்படிப் போனதும் அவளுக்குத் தைரியம் வந்து ராத்திரி அலாரத்தை நிறுத்தினாள். அடுத்த வாரம் நான் போனபோது அவள் முகமே மாறியிருந்தது, நாலு வயது குறைந்த மாதிரி. கண்ணாடிக் கடைக்காரர் கூப்பிட்டிருக்கிறார், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன் என்றாள். பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இரண்டு மணிக்கு வருவாள், அக்கா ஆறு மணிக்கு வருவாள். நடுவில் நாலு மணி நேரம் மூக்கி இருக்கிறதே என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதற்கென்று சான்றிதழ் கொடுக்கிற ஒரு அம்மாவை வரவழைத்தேன். வேறு எதற்கும் இல்லை, பெருமைக்குத்தான். சுவரில் மாட்டலாமே.

வெள்ளிக்கிழமை காலை அந்தத் தேர்வாளர் அம்மா கொட்டகைக்கு வந்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத ஆள். நான் டப்பா வரிசையை வைக்கப் போனேன். கையைக் காட்டி நிறுத்தினார். என்னை வெளியே போகச் சொன்னார். டப்பாக்களை அவர் நிரப்பினார். தன்னோடு வந்த உதவியாளரை விட்டு வரிசையைக் கலைக்க வைத்தார். பிறகு தானும் வெளியே வந்து ஒரு தட்டிக்குப் பின்னால் நின்றுகொண்டு, இப்போது நாயைக் கூட்டிப் போங்கள் என்றார். எந்த டப்பாவில் இருக்கிறது என்று எனக்கும் தெரியாது, உள்ளே இருக்கிற யாருக்கும் தெரியாது.

மூக்கி முதல் டப்பாவை முகர்ந்துவிட்டு என்னைப் பார்த்தது. இரண்டாவதை முகர்ந்து என்னைப் பார்த்தது. ஆறும் முடிந்தது. திரும்பவும் முதலிலிருந்து வந்தது. கடைசியில் கொட்டாவி விட்டு, ஏதோ ஒன்றைத் தட்டிவிட்டு வாலை மெதுவாக ஆட்டியது. பன்னிரண்டு முறை செய்தோம். இரண்டு சரி. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் இரண்டு சரியாக வரும்.

அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பயிற்சியில் டப்பாவை யார் வைத்தார்கள் என்று மட்டும் கேட்டார். நான்தான், எட்டு மாதமும் நான்தான். சரியான டப்பாவுக்கு நாய் வரும்போது எனக்கு மூச்சு நின்றிருக்கும். கை தானாக இடுப்புப் பைக்குப் போயிருக்கும். மூக்கி முகர்ந்தது டப்பாவை, படித்தது என்னை.

"நாய் சொல்றதை நம்பணும்னா, பதில் தெரிஞ்சவங்க யாரும் அந்த ரூம்ல இருக்கக் கூடாதும்மா," என்றார். "உங்களுக்குத் தெரியாத விஷயமா இது."

தெரியும். மற்றவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

அவர் போனபிறகு கொட்டகையில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இங்கே என்னைப் பார்த்தது, சரி. அக்கா வீட்டில் நான் இல்லையே, அங்கே எப்படிச் சரியாகத் தட்டியது? அதற்கும் பதில் தெரிய ரொம்ப நேரம் ஆகவில்லை. அங்கே அக்கா இருந்தாள். நாலு வருஷம் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள். பிள்ளையின் உதடு கொஞ்சம் வெளுத்தாலே அவளுக்குள் ஏதோ திடுக்கென்றிருக்கும், அவளுக்கே அது தெரிந்திருக்காது. அவள் முகம் இறுகியதும் மூக்கி எழுந்து போய்த் தட்டியிருக்கிறது. அக்கா நாயை நம்பினாள், நாய் அக்காவை நம்பியது. ராத்திரியில் அக்கா தூங்கிவிட்டால்? அலாரத்தை நிறுத்திய நாளிலிருந்து அந்த வீட்டில் காவலே கிடையாது. பிள்ளை பிழைத்துக் கிடந்தது அதிர்ஷ்டம்.

அப்போதே போன் எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் போனேன். நேரில் சொல்லலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த அக்கா கடைக்குப் போட்டுப்போகப் புதுச் சட்டை தைத்து வைத்திருந்தாள். போட்டுக் காட்டினாள். தோள்பட்டை சரியாக இருக்கிறதாடி என்று திரும்பித் திரும்பிக் கேட்டாள். சரியா இருக்குக்கா என்று மட்டும் சொன்னேன். அக்காவுக்காகச் சொல்லவில்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. பாதி என் மானம். பன்னிரண்டு வருஷத் தொழிலில் இப்படி ஒரு கத்துக்குட்டித் தப்பு பண்ணினேன் என்று சொந்த அக்காவிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒரு பொய் சொன்னேன். தேர்வு பாதிதான் முடிந்திருக்கிறது, ஆள் இல்லாத வீட்டுக்கு நாயைப் பழக்க வேண்டும், பத்துப் பதினைந்து நாள் நான் இங்கேயே தங்குகிறேன் என்றேன். அதற்குள் மூக்கியைத் திருத்திவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அக்கா என் கன்னத்தைத் தட்டினாள். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அன்று முதல் ராத்திரிக் காவல் நான். போனை அதிர்வில் வைத்துத் தலையணைக்கு அடியில் போட்டுக்கொண்டு, ஒரு மணிக்கும் மூன்றரைக்கும் எழுந்து, பக்கத்து அறையில் அக்கா குறட்டை விட, பிள்ளையின் விரலைத் தேடிக் குத்துவேன். மூன்றாம் நாளே எனக்குக் கண் எரிய ஆரம்பித்தது. இதை அவள் நாலு வருஷம் செய்தாளா என்று மலைத்துப் போனேன். பகலில் பிள்ளை வந்ததும் மணிக்கு ஒரு தடவை பார்த்தேன். வாயாடிக்குப் பொறுக்கவில்லை.

"விரல் வலிக்குது சித்தி. மூக்கிதான் இருக்குல்ல, நீ எதுக்கு சும்மா சும்மா குத்துறே?"

அவளுக்கும் ஒரு பொய் சொன்னேன்.

வியாழக்கிழமை அவள் இரண்டு மணிக்கு வந்தாள். வந்ததும் பார்த்தேன், நூற்றுப் பதினெட்டு. நல்ல அளவு. சாப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் அன்றைக்கு ஓட்டப் பந்தயம், இரண்டாவதாக வந்தேன் என்று விடாமல் பேசினாள். ஓடினால் சர்க்கரை உடனே இறங்காது, ரெண்டு மூணு மணி நேரம் கழித்து இறங்கும். அக்காவாக இருந்தால் அந்த ஒரு சொல்லிலேயே உஷாராகியிருப்பாள். நான் சபாஷ் என்றேன்.

மூன்று மணிக்குக் குத்தப் போனபோது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். சரி, கொஞ்சம் கழித்து என்று விட்டேன். அவள் சாப்பாட்டு மேஜையில் வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தாள். நான் எதிரே தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். மூக்கி எங்கள் இருவருக்கும் நடுவில் படுத்திருந்தது. இன்றைக்கு என் முகத்தை மூக்கிக்குக் காட்டக் கூடாது, மூச்சைச் சீராக விட வேண்டும், தோளைத் தளர்த்த வேண்டும், நாய் தானாக ஏதாவது செய்கிறதா பார்ப்போம் என்று தீர்மானித்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். காது எந்தப் பக்கம், வால் எப்படி, நாசித் துவாரம் விரிகிறதா. பன்னிரண்டு வருஷப் பழக்கம், ஒரு அறையில் நாய் இருந்தால் என் கண் நாயின் மேல்தான் போகும். மூக்கி என்னைப் பார்த்தது. நான் நிம்மதியாக இருப்பதாகக் காட்டினேன். அதுவும் நிம்மதியாகத் தலையைக் கீழே போட்டது. அது தலையைப் போட்டதும் எனக்கு நிஜமாகவே நிம்மதியாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் நடந்தது.

வாயாடி பேச்சை நிறுத்தியிருந்தாள். எனக்கு அது தெரிந்தது. வீட்டுப்பாடத்தில் மூழ்கிவிட்டாள், அப்பாடா, கொஞ்ச நேரம் காதுக்கு ஓய்வு என்றுதான் நினைத்தேன்.

நாலு மணி சுமாருக்கு அக்கா போன் செய்தாள். கடையில் இடைவேளை. அவளிடம் கொடுடி என்றாள். மூக்கியிடமிருந்து கண்ணை எடுக்காமலே போனைப் பிள்ளையின் காதில் வைத்தேன். அவள் ம்ம் என்றாள், பிறகு ஏதோ மெதுவாகச் சொன்னாள், கொழகொழவென்று. மூன்று வார்த்தை இருக்காது. போனுக்குள்ளிருந்து அக்கா என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. வாங்கிக் காதில் வைத்தேன்.

"பேச்சு குளறுது. எவ்வளவு இருக்கு? பாத்தியா?"

அப்போது என் வாயிலிருந்து வந்த வார்த்தை இதுதான். எல்லாம் தெரிந்த பிறகும், ஆறு நாளாக ராத்திரி முழிக்கிற நான், இதைத்தான் சொன்னேன்.

"மூக்கி அமைதியாத்தான்க்கா படுத்திருக்கா. ஒண்ணுமிருக்காது."

"நாயை விடுடி," என்றாள் அக்கா. "அவளைப் பாரு."

திரும்பிப் பார்த்தேன். நெற்றியெல்லாம் வேர்வை, சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. உதடு சாம்பல் நிறம். நோட்டில் கடைசி நாலு வரி எழுத்தாகவே இல்லை, கோடு கோடாகச் சரிந்து பக்கத்தை விட்டு வெளியே போயிருந்தது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்திருந்தேன் நான். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாளோ, இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

ஜூஸை எடுத்து வருவதற்குள் நாற்காலியிலிருந்து விழுந்தாள். கை கால் வெட்டி இழுத்தது. போனைக் கீழே வைத்து ஒலியைக் கூட்டினேன். அக்கா அங்கிருந்தே ஒவ்வொன்றாகச் சொன்னாள். வாயில் எதையும் ஊற்றாதே, ஒருக்களித்துப் படுக்க வை, ஃப்ரிட்ஜ் கதவில் சிவப்புப் பெட்டி, சர்க்கரையை ஏற்றுகிற மருந்துப் பொடி, ஊசியிலிருக்கிற தண்ணீரோடு கலக்கு, தொடையில் குத்து. அவள் குரல் நடுங்கவே இல்லை. நான்தான் முதல் தடவை ஊசியைக் கீழே போட்டேன். மூக்கி இப்போது எழுந்து வந்து பிள்ளையின் முழங்காலைத் தட்டியது. திரும்பத் திரும்பத் தட்டியது. என் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தட்டியது.

ஆம்புலன்ஸில் அளந்தபோது, ஊசி போட்ட பிறகும், முப்பத்தொன்று.

பிழைத்தாள். மறுநாள் மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பக்கத்துக் கட்டில்காரருக்கு என்ன நோய் என்று விசாரித்துக்கொண்டிருந்தாள். அதற்கு முந்தைய ராத்திரியில் நடந்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் அக்கா புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்தாள். நாய் ஏன்டி தட்டல என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். டப்பா, தேர்வாளர் அம்மா, பன்னிரண்டில் இரண்டு.

"அப்ப இவ்வளவு நாளா கண்டுபிடிச்சது?"

"நீதான்க்கா. நீ கண்டுபிடிச்ச. அது உன் மூஞ்சியைப் பாத்துச்சு."

அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராத்திரி தூங்கினதை நினைக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

"வெள்ளிக்கிழமையே தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

அக்கா கத்தியிருக்கலாம். செருப்பைக் கழற்றி அடித்திருக்கலாம், வாங்கிக்கொண்டிருப்பேன். எழுந்து போய்ப் பிள்ளையின் கட்டிலருகே உட்கார்ந்துகொண்டாள்.

கண்ணாடிக் கடைக்கு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். மறுபடி அலாரம், ஒரு மணிக்கு, மூன்றரைக்கு. மூக்கியை நான் கொட்டகைக்கே கூட்டி வந்துவிட்டேன். மறுபடி முதல் பாடத்திலிருந்து தொடங்கியிருக்கிறேன், டப்பாவை இப்போது வேறொரு ஆள் வைக்கிறார், நான் தட்டிக்குப் பின்னால் நிற்கிறேன். ஆறில் ஒன்று சரியாக வருகிறது, சில நாள் இரண்டு.

மூன்று வாரம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா எப்போதும் போல வா என்றாள், உட்காரச் சொன்னாள், சாப்பிட்டியா என்று கேட்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. வாயாடி என் பக்கத்தில் உட்கார்ந்து, ஆம்புலன்ஸில் சைரன் ஊதிக்கொண்டே போனார்களாமே, தான் அதைக் கேட்கவே முடியவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தாள். சிரித்தேன். பழையபடி ஆகிவிடும் போலிருந்தது.

அக்கா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பினாள். சமையலறையிலிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து குளியலறை வாசலில் போட்டாள்.

"வாயாடி, இங்க வந்து உக்காரு," என்றாள். "அம்மா குளிக்கிற வரைக்கும் ஏதாவது பேசிக்கிட்டே இரு."

"சித்தி இருக்காங்கம்மா," என்றாள் பிள்ளை.

"வா."

பிள்ளை என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு எழுந்து போனாள். அக்கா கதவைச் சாத்தவில்லை, ஒரு சாண் திறந்தே வைத்தாள். தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு நடுவே பிள்ளை ஓட்டப் பந்தயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்க, உள்ளிருந்து அக்கா ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருந்தேன்.